புகைப்பவருக்குச் சத்து மாத்திரை காப்பாகுமா?

நம் சங்கங்களின் அங்கத்தினருள் பெரும்பாலோர் தறிக்குழியிலும் வயலிலும் நாள் முழுவதும் உழைப்பவர்கள். உழைப்பின் இடையே சற்று ஓய்ந்து, பீடியோ சிகரெட்டோ பற்றவைப்பது அவர்களுள் பலருக்கு நெடுநாளைய வழக்கம். அது தீங்கென்பதை அறியாதவர் இன்று எவருமிலர். எனினும், "பழக்கத்தை விட முடியவில்லை; அதனால் விளையும் கேட்டைச் சரிக்கட்டுவதற்கு வைட்டமின் மாத்திரைகள் வந்திருக்கின்றனவாமே, அவற்றை உட்கொண்டால் போதாதா?" என்று அங்கத்தினர் சிலர் நம்மைக் கேட்டனர். கேள்வி நியாயமானதே. இத்தகைய மாத்திரைகளுக்கென்று மாதந்தோறும் கணிசமான தொகை செலவிடும் குடும்பங்களும் உண்டு.

இக்கேள்விக்கு ஊகத்தால் விடை கூறவேண்டிய அவசியம் இல்லை. பின்லாந்து தேசத்தில் பல்லாயிரம் ஆடவரைக் கொண்டு, பல ஆண்டுக் காலம் சோதித்து, இதற்கு விடை கண்டிருக்கிறார்கள். அவ்விடை யாவரும் எதிர்பார்த்ததற்கு நேர்மாறாக அமைந்தது. அதே தேசத்தின் மற்றொரு பகுதியில், மாத்திரையை நாடாமல், மக்கள் உண்ணும் கொழுப்பையும் அவர்களுடைய புகைப்பழக்கத்தையும் மாற்றுவதற்கு வேறொரு முயற்சி நடைபெற்றது. அது பெருவெற்றி கண்டது. இவ்விரண்டையும் அருகருகே வைத்துப் பார்ப்பது நமக்குப் பயன் தரும்.

நம்பிக்கை பிறந்த விதம்

இரும்பைக் காற்றில் போட்டுவைத்தால் துரு ஏறுகிறது. எண்ணெயைத் திறந்து வைத்தால் சிக்கு நாற்றம் அடிக்கிறது. இரண்டிற்கும் காரணம் காற்றிலுள்ள பிராணவாயு அப்பொருள்களோடு கூடுவதேயாகும். நம் உடலினுள்ளும் இத்தகைய மாறுதல் இடைவிடாது நிகழ்கிறது. புகையிலைப் புகை அதனைப் பன்மடங்கு விரைவுபடுத்துகிறது. இம்மாறுதலைத் தடுக்கும் ஆற்றல் சில சத்துக்களுக்கு உண்டு. கேரட், கீரை, பறங்கிக்காய் முதலியவற்றிலுள்ள பீட்டா கரோட்டின் அவற்றுள் ஒன்று. நம் உடல் அதனை வைட்டமின் 'ஏ'யாக மாற்றிக்கொள்ளும். எண்ணெய் வித்துக்களிலும் கொட்டைகளிலும் உள்ள வைட்டமின் 'ஈ' மற்றொன்று. இவ்வகைச் சத்துக்களையே ஆன்டிஆக்சிடன்ட் என்கிறார்கள்.

காய்கனிகளை மிகுதியாக உண்பவருக்கும், இரத்தத்தில் கரோட்டின் மிகுந்திருப்பவருக்கும் நுரையீரல் புற்றுநோய் குறைவாகவே வருகிறதென்பதைப் பல நாட்டு ஆராய்ச்சியாளர் கண்டனர். புற்றுநோயைக் கரோட்டினால் குறைக்க இயலுமா என்பதை ஆராயவேண்டுமென்று 1981ஆம் ஆண்டில் ரிச்சர்டு பீட்டோ, ரிச்சர்டு டால் முதலிய அறிஞர்கள் 'நேச்சர்' என்னும் விஞ்ஞான இதழில் எழுதினர். 'காய்கனி உண்பவர் நலமாயிருக்கிறார். காய்கனியில் கரோட்டின் இருக்கிறது. ஆகவே கரோட்டினைத் தனியே பிரித்து மாத்திரையாகத் தரலாம்' என்ற எண்ணம் பலருக்கும் தோன்றியது.

இந்த வாதத்தில் ஓர் ஓட்டை உண்டு. ஓர் ஊரில் டிராக்டர் வைத்திருப்பவர் வயலில் விளைச்சல் அதிகமாயிருப்பதைக் காண்கிறோம் என்று கொள்வோம். டிராக்டரே விளைச்சலுக்குக் காரணமென்று உடனே முடிவு செய்யலாமா? டிராக்டர் வாங்கும் வசதியுள்ளவருக்குக் கிணறும் இருக்கும், நல்ல விதையும் எருவும் இருக்கும். அவ்வாறே காய்கனி மிகுதியாக உண்பவர் பொதுவாகப் புகைப்பதும் குடிப்பதும் குறைவு. உடலைப் பேணுவதில் அக்கறையும் அதிகம். அவருடைய நலத்திற்கு இவற்றுள் எது காரணம் என்பதைச் சோதனை செய்தாலன்றி அறிய இயலாது.

பின்லாந்தில் நடந்த சோதனை

ஒரு புதிய உரத்தின் தன்மையை அறிய விவசாயி என்ன செய்கிறார்? ஒரே மண்ணுள்ள நிலத்தைப் பாத்திகளாகப் பிரித்து, சிலவற்றிற்கு உரமிட்டு, சிலவற்றிற்கு இடாமல் விட்டு, விளைச்சலை அளந்து பார்க்கிறார். இதே முறையைத்தான் பின்லாந்திலும் கையாண்டனர். பின்லாந்து நாட்டுச் சுகாதார ஆராய்ச்சி நிலையமும் அமெரிக்கத் தேசியப் புற்றுநோய் நிலையமும் சேர்ந்து 1985ஆம் ஆண்டில் இச்சோதனையைத் தொடங்கின. தென்மேற்குப் பின்லாந்தில் 50 முதல் 69 வயது வரையுள்ள ஆடவர் 29,133 பேர் இதில் சேர்ந்தனர். அனைவரும் புகைப்பவர். சராசரியாக நாளொன்றுக்கு 20 சிகரெட்டு வீதம் ஏறத்தாழ 36 ஆண்டுகள் புகைத்தவர்கள்.

இவர்களைக் குலுக்கல் முறையில் நான்கு பிரிவாகப் பிரித்தனர். ஒரு பிரிவினருக்கு நாள்தோறும் 20 மில்லிகிராம் பீட்டா கரோட்டின். மற்றொரு பிரிவினருக்கு 50 மில்லிகிராம் வைட்டமின் 'ஈ'. மூன்றாம் பிரிவினருக்கு இரண்டும். நான்காம் பிரிவினருக்குச் சத்து ஏதுமற்ற வெற்று மாத்திரை. எவருக்கு எது தரப்படுகிறது என்பது உண்பவருக்கும் தெரியாது. அவரைக் கவனிக்கும் வைத்தியருக்கும் தெரியாது. இவ்வாறு ஐந்து முதல் எட்டு ஆண்டுகள் வரை நடைபெற்றது.

முடிவு 1994ஆம் ஆண்டில் வெளியாயிற்று. மொத்தம் 876 பேருக்கு நுரையீரல் புற்றுநோய் புதிதாக வந்திருந்தது. பீட்டா கரோட்டின் உட்கொள்ளாதவருள் 402 பேர். உட்கொண்டவருள் 474 பேர். இரு தொகுதிகளும் ஆள் எண்ணிக்கையில் ஏறத்தாழச் சமமானவை. அதாவது, காக்கும் என்று எண்ணித் தந்த மாத்திரையை உண்டவரிடையே நோய் நூற்றுக்கு 18 பங்கு மிகுந்திருந்தது. எல்லாக் காரணங்களாலும் நேர்ந்த மரணங்களும் நூற்றுக்கு 8 பங்கு அதிகம். வைட்டமின் 'ஈ' நுரையீரல் புற்றுநோயைக் குறைக்கவுமில்லை, கூட்டவுமில்லை. அதனை உண்டவரிடையே மூளையில் இரத்தம் கசிந்து நேரும் மரணங்கள் சற்று மிகுந்திருந்தன. விந்தைச் சுரப்பிப் புற்றுநோய், அதாவது பிராஸ்டேட் புற்றுநோய், அவரிடையே குறைந்திருந்ததால் சிலர் நம்பிக்கை கொண்டனர். ஆனால் அதனைச் சரிபார்க்க அமெரிக்காவில் 35,000க்கு மேற்பட்ட ஆடவரைக் கொண்டு பின்னர் நடத்திய சோதனையில், அதிக அளவில் வைட்டமின் 'ஈ' உண்டவருக்கு அப்புற்றுநோய் நூற்றுக்கு 17 பங்கு மிகுந்ததென 2011இல் தெரியவந்தது.

இன்னொரு செய்தியும் கருதத் தக்கது. சோதனை தொடங்குமுன் தம் உணவின் வாயிலாகவே கரோட்டினை மிகுதியாகப் பெற்றிருந்தவருக்கு நுரையீரல் புற்றுநோய் குறைவாகவே வந்தது. ஆகவே காய்கனி உண்பவர் நலமாயிருந்தார் என்பது பொய்யன்று. அந்நலத்தை ஒரு மாத்திரைக்குள் அடைத்துத் தரலாம் என்பதே பொய்த்தது.

அமெரிக்காவில் கண்டது

பின்லாந்து முடிவு தற்செயலாக நேர்ந்ததோ என்று ஐயுற்றவரும் உண்டு. அவ்வையத்தை மற்றொரு சோதனை தீர்த்துவைத்தது. அமெரிக்காவில் புகைப்பவர், முன்பு புகைத்து விட்டவர், கல்நார்த் தூசியில் வேலை செய்தவர் ஆகிய 18,314 பேருக்கு நடந்த சோதனை அது. அவருள் ஒரு பாதியினருக்கு நாள்தோறும் 30 மில்லிகிராம் பீட்டா கரோட்டினும் வைட்டமின் 'ஏ'யும் தரப்பட்டன. மாத்திரை உண்டவரிடையே நுரையீரல் புற்றுநோய் நூற்றுக்கு 28 பங்கும், மரணம் 17 பங்கும் மிகுந்திருந்ததைக் கண்டு, குறித்த காலத்திற்கு 21 மாதங்கள் முன்னதாகவே, 1996 ஜனவரியில் மாத்திரை தருவதை நிறுத்திவிட்டனர். அதே ஆண்டில், 22,071 அமெரிக்க வைத்தியர்கள் பன்னிரண்டு ஆண்டுகள் பீட்டா கரோட்டினோ வெற்று மாத்திரையோ உட்கொண்ட சோதனையின் முடிவும் வந்தது. அவருள் பெரும்பாலோர் புகையாதவர். அவர்களுக்கு மாத்திரையால் நன்மையும் இல்லை, தீமையும் இல்லை. எனவே கேடு சூழ்ந்தது புகைப்பவரையும் தூசியில் உழல்பவரையுமே என்பது தெளிவாயிற்று.

காரணம் யாது?

கீரியை ஒத்த உருவமுடைய 'பெரெட்' என்னும் சிறு விலங்கின் உடல் கரோட்டினை மனிதவுடல் போன்றே கையாளுவது. அவ்விலங்குகளுக்கு மிகுதியான கரோட்டினைத் தந்து, புகையையும் சுவாசிக்கச் செய்து ஆராய்ந்தனர். 1999இல் வெளியான அந்த ஆராய்ச்சியின்படி, புகை நிறைந்த நுரையீரலில் கரோட்டினே பிராணவாயுவால் சிதைந்து வேறு பொருள்களாக மாறுகிறது. அவை, உயிரணுக்களை ஒழுங்காக வளரச் செய்யும் வைட்டமின் 'ஏ'யின் வேலையைக் குலைக்கின்றன. காவலுக்கு வந்தவன் கள்வருடன் சேர்ந்துகொண்டது போல் ஆகிறது.

அளவும் ஒரு காரணம். பின்லாந்தில் மாத்திரை உண்டவரின் இரத்தத்தில் கரோட்டின் முன்னிருந்ததைக் காட்டிலும் பதினைந்து மடங்குக்கு மேல் உயர்ந்தது. எந்தக் கீரையும் கேரட்டும் இதனைச் செய்வதில்லை. தழைச்சத்து குறைந்த நிலத்தில் யூரியா இட்டால் பயிர் செழிக்கும். போதிய சத்துள்ள நிலத்தில் மேலும் மேலும் இட்டால் பயிர் சாயும், பூச்சியும் பெருகும். இது நம் விவசாய அன்பர்கள் நன்கறிந்த உண்மை.

இவ்வுண்மைக்கு மனிதரிடத்தும் சான்றுண்டு. சீனாவில் லின்ஷியன் என்னும் பகுதியில், நெடுங்காலமாகச் சத்துக் குறைந்த உணவை உண்டுவந்த 29,584 பேரைக் கொண்டு 1986 முதல் 1991 வரை சோதித்தனர். அங்குப் பீட்டா கரோட்டின், வைட்டமின் 'ஈ', செலினியம் மூன்றையும் மிதமான அளவில் சேர்த்துப் பெற்றவரிடையே மரணம் நூற்றுக்கு 9 பங்கு குறைந்தது. குறையுள்ள இடத்தில் நிரப்பினால் நன்மை. நிறைந்த இடத்தில் திணித்தால் நன்மையில்லை. புகை சூழ்ந்த இடத்தில் திணித்தால் தீமை. இச்சோதனைகள் அனைத்தும் சேர்ந்து உணர்த்துவது இதுவே.

கொழுப்பின் பங்கு

புகைப்பவரைக் கொல்வது நுரையீரல் நோய் மட்டுமன்று. இதய நோயால் இறப்பவரும் மிகப் பலர். புகை இரத்தக் குழாய்களின் உட்சுவரைப் புண்படுத்துகிறது. இரத்தத்தில் கொழுப்பு மிகுந்திருந்தால் அது புண்பட்ட இடத்தில் படிந்து குழாயை அடைக்கிறது. ஆகவே புகையும் தீய கொழுப்பும் ஒன்றுக்கொன்று துணை.

மேற்கூறிய பின்லாந்துச் சோதனையில் சேர்ந்த ஆடவருள் 21,930 பேரின் உணவை நுட்பமாகக் கணக்கிட்டு, ஆறு ஆண்டுகள் கவனித்து, 1997இல் அறிக்கை வெளியிட்டனர். எண்ணெயை இயந்திரத்தில் கெட்டிப்படுத்தும்போது உண்டாகும் டிரான்ஸ் கொழுப்பை மிகுதியாக உண்டவரிடையே இதய நோய் மரணம் அதிகமென்பது அதில் தெரிந்தது. டிராக்டர் உவமையிற் கூறிய எச்சரிக்கை இதற்கும் பொருந்தும். எனினும் வேறு பல ஆராய்ச்சிகளும் இக்கொழுப்பைக் குற்றவாளியாகவே காட்டியுள்ளன. நம் நாட்டில் வனஸ்பதியில் இது மிகுந்திருந்தது. 2022 ஜனவரி முதல், எண்ணெய், கொழுப்பு வகைகளில் இது நூற்றுக்கு 2 பங்குக்கு மேற்படலாகாது என்று அரசாங்கம் விதித்துள்ளது.

வட கரேலியாவின் முயற்சி

பின்லாந்தின் கிழக்கெல்லையில் வட கரேலியா என்றொரு மாகாணம் உண்டு. காடும் ஏரியும் பசு மேய்ச்சலும் நிறைந்த நாடு. 1972ஆம் ஆண்டில் அங்கே ஏறத்தாழ 1,80,000 மக்கள் வாழ்ந்தனர். பாலும் வெண்ணெயுமே அவர்களது பெருமை; ரொட்டியின் மேல் வெண்ணெய் தடவாதவர் அரியர். காய்கறியைக் கால்நடைத் தீனியென்று எள்ளுவோரும் இருந்தனர். ஆடவருள் பாதிப்பேர் புகைத்தனர். குடும்பத்தைத் தாங்கவேண்டிய நாற்பது, ஐம்பது வயது ஆடவர் இதய நோயால் மாண்டுகொண்டிருந்தனர். உலகிலேயே இந்நோய் மிகுந்த பகுதிகளுள் ஒன்று இது என்பதை அறிந்த மாகாண மக்களின் பிரதிநிதிகள், 1971ஆம் ஆண்டில் உதவி கோரி அரசாங்கத்திற்கு விண்ணப்பம் அனுப்பினர். அடுத்த ஆண்டில் பெக்கா புஸ்கா என்ற இளம் வைத்தியரின் தலைமையில் வேலை தொடங்கிற்று.

அவர்கள் மாத்திரை கொடுக்கவில்லை. ஊர் ஊராகச் சென்று, புகைப்பதை விடவும், உப்பைக் குறைக்கவும், வெண்ணெய்க்குப் பதில் தாவர எண்ணெயைக் கையாளவும், காய்கனியைச் சேர்க்கவும் கற்பித்தனர். 'மார்த்தா' என்னும் இல்லத்தரசியர் சங்கம் பெருந்துணை புரிந்தது. சங்கத்துப் பெண்கள் மாலை விருந்துகள் நடத்தி, கொழுப்பு குறைந்த பழைய உணவு வகைகளைச் சமைத்துப் பரிமாறினர். கொழுப்பு நீக்கிய பால் கடைகளுக்கு வந்தது. புகையிலை விளம்பரத்தைத் தடைசெய்து நாடு முழுவதிலும் சட்டம் நடைமுறைக்கு வந்தது.

பால் உற்பத்தியாளரிடமிருந்து எதிர்ப்பு எழாமலில்லை. தம் பிழைப்பே போய்விடுமென்று அவர்கள் அஞ்சியது இயல்பே. அவர்களைப் பகைத்துக்கொண்டு முயற்சி வெற்றி பெற்றிராது. எனவே அந்நிலத்திற்கு ஏற்ற சிறு பழ வகைகளைப் பயிரிடவும், விற்கவும் 1980களின் நடுவில் தனித் திட்டம் வகுத்தனர். கடுகினத்தைச் சேர்ந்த எண்ணெய் வித்துப் பயிரும் பரவியது. மக்களின் உணவு மாறியதோடு உழவரின் பயிரும் மாறியது.

பலன் என்ன? உழைக்கும் வயதுள்ள ஆடவரிடையே இதய நோய் மரணம் நாற்பது ஆண்டுகளில் நூற்றுக்கு 80 பங்குக்கு மேல் குறைந்தது. நுரையீரல் புற்றுநோய் மரணமும் பெருமளவு குறைந்தது. வைத்திய வசதி பெருகியதற்கும் இதில் பங்குண்டு. எனினும் பெரும்பகுதி, புகையும் கொழுப்பும் உப்பும் குறைந்ததன் பலனே என்பது ஆராய்ந்தோர் முடிவு.

நாம் செய்யத்தக்கவை

இனி நம் இல்லங்களில் கடைப்பிடிக்கத்தக்க சிலவற்றைக் கூறுவோம்.

முதலாவது: புகைப்பவரும், அண்மையில் புகைப்பதை விட்டவரும், பீட்டா கரோட்டின் கலந்த மாத்திரைகளைத் தாமாக வாங்கி உண்ணலாகாது. மாத்திரைச் சீட்டை வாங்கியவுடன் அதிலுள்ள பொருள்களின் பட்டியலைப் படிக்கவேண்டும். படிக்க இயலாதவர் பள்ளியிற் படிக்கும் பிள்ளைகளைக் கொண்டேனும் படிப்பித்தறிக. முதுமையில் வரும் விழித்திரை நோய்க்குத் தரும் மாத்திரைகள் சிலவற்றிலும் இது உண்டு. இதற்குப் பதில் லூட்டின் முதலியன சேர்ந்த மாத்திரையே ஏற்றதென 2013இல் வெளியான ஆராய்ச்சியொன்று காட்டியது. ஆதலின் கண் வைத்தியரிடம் தம் புகைப்பழக்கத்தை மறைக்காமல் கூறுதல் வேண்டும்.

இரண்டாவது: வைத்தியர் குறைகண்டு எழுதித்தந்த மருந்தை இக்கட்டுரையைப் படித்துவிட்டு எவரும் நிறுத்திவிடலாகாது. குழந்தைகளுக்குச் சுகாதார நிலையத்தில் தரும் வைட்டமின் 'ஏ' மருந்தும் வேறு. அது தொடர்ந்து தரவேண்டியதே.

மூன்றாவது: முருங்கைக்கீரை, அரைக்கீரை, பறங்கிக்காய், கேரட், பப்பாளி, மாம்பழம் ஆகியவற்றைப் பற்றி அஞ்சவேண்டா. அவற்றைத் தாராளமாக உண்ணலாம். கரோட்டின் கொழுப்பிற் கரைவதாதலின் கீரையைச் சிறிது எண்ணெய் விட்டுத் தாளித்து உண்பது நம் முன்னோர் கண்ட நல்ல முறை. பொரித்த எண்ணெயையே திரும்பத் திரும்பக் காய்ச்சுவதைத் தவிர்க்கவேண்டும்.

நான்காவதும் முதன்மையானதும்: புகைப்பதை விடுவது. இதற்கு ஈடான மாத்திரை இன்றளவும் எவராலும் செய்யப்படவில்லை. மாத்திரையை ஆராயவேண்டுமென்று எழுதிய அதே டாலும் பீட்டோவும் ஆங்கில வைத்தியர்களை ஐம்பது ஆண்டுகள் கவனித்து, 2004இல் ஒரு கணக்கை வெளியிட்டனர். சிகரெட்டை 60ஆம் வயதில் விட்டவர் ஏறத்தாழ 3 ஆண்டுகளும், 50இல் விட்டவர் 6 ஆண்டுகளும், 40இல் விட்டவர் 9 ஆண்டுகளும், 30இல் விட்டவர் 10 ஆண்டுகளும் ஆயுள் மிகப் பெறுவர் என்பது அக்கணக்கு. பீடி சிறியது, தீங்கும் சிறிது என்று கருதுவோர் உண்டு. நம் நாட்டில் பீடி புகைக்கும் ஆடவர் சராசரியாக 6 ஆண்டுகள் ஆயுளை இழக்கின்றனர் என்று 2008இல் வெளியான ஆராய்ச்சி கூறுகிறது. புகைப்பவருக்குக் காசநோயால் மரணம் நேர்வது புகையாதவரினும் ஏறத்தாழ நான்கு மடங்கென, தமிழ்நாட்டில் செய்து 2003இல் வெளியான ஆராய்ச்சி காட்டியது. பஞ்சுத் தூசியில் வேலை செய்வோர் இதனை இருமுறை எண்ணிப் பார்க்கவேண்டும். தூசியால் ஏற்கெனவே நலிந்த நுரையீரலுக்குப் புகை மேலும் ஒரு சுமை.

விடுவது எளிதென்று நாம் சொல்லவில்லை. பலமுறை முயன்று தோற்ற பின்னரே பலர் வென்றிருக்கின்றனர். 1800-112-356 என்ற எண்ணில் அரசாங்கத்தின் இலவச ஆலோசனை கிடைக்கும். அரசாங்க மருத்துவமனைகளிலும் உதவி பெறலாம்.

வட கரேலியாவில் இதைத் தனி மனிதனின் மனவுறுதிக்கே விட்டுவிடவில்லை. பெண்கள் சங்கம், பால் பண்ணை, பள்ளிக்கூடம், உழவர் எல்லோரும் ஒன்று கூடினர். ஒருவனால் இயலாததைப் பலர் கூடிச் செய்வதே கூட்டுறவு. தறிக்கூடத்திலும் கொள்முதல் நிலையத்திலும் புகைப்பதில்லை என்று ஒவ்வொரு சங்கமும் அடுத்த பொதுக்கூட்டத்தில் தீர்மானம் செய்யலாம். புகையிலை பயிரிடும் அங்கத்தினரும் நம்மிடையே உளர். அவர்களைக் குறை கூறுவதால் பயனில்லை. மாற்றுப் பயிருக்கு விதையும் கடனும் சந்தையும் தேடித்தருவதே சங்கத்தின் கடமை. சத்து மாத்திரைக்கென்று மாதந்தோறும் செலவழியும் பணம், கீரைக்கும் காய்க்கும் பழத்துக்குமாக நம் விவசாய அங்கத்தினரிடமே வந்து சேருமாயின், வாங்குவோர் விற்போர் இருவர் குடும்பமும் வாழும்.